சுவான்சௌவில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அடுத்த மாதம் ங்கோ சோ குன் என்ற சீனச் சண்டைக் கலையின் ஆசிரியரிடம் சேரப் போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "படிக்கப் போன பெண்ணுக்குச் சண்டை எதற்கு?" என்று உன் அம்மா கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே, "முட்டிவலி வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள். தொலைபேசியில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

குங்ஃபூ என்றதும் ஷாவோலின், தாய் சி, விங் சுன் என்பார்கள். ங்கோ சோ குன் என்றால் யாருக்கும் தெரியாது. சீனாவில் நீ இருக்கும் ஃபுஜியன் மாகாணத்தின் தென்கரையிலும், அங்கிருந்து கப்பலேறிய ஹொக்கியன் மக்கள் குடியேறிய மணிலா, சிங்கப்பூர், நம் மலேசியா போன்ற இடங்களிலும் புழங்குகிற கலை அது. சுவான்சௌவை அடுத்த ஜின்ஜியாங்கில் பிறந்த சுவா கியோக் பெங் (1853–1910) என்பவரின் மாணாக்கர் வழியாகத்தான் அது இந்த அளவுக்காவது பரவியது. போதிதர்மர், சோங் பேரரசர் தைசு, லோஹான் எனும் பௌத்த அருகதர், வெண்கொக்கு, குரங்கு ஆகிய ஐந்து மரபுகளைச் சேர்த்துக் கட்டிய முறை என்பதால் ஐந்து மூதாதையரின் குத்துமுறை என்று பெயர். கிள்ளானில் சங்கக் கட்டடத்தின் பின்கட்டில் இளவயதில் நான் கற்றது அதன் ஒரு கிளை. நீயோ அது வளர்ந்த ஊரிலேயே கற்கப் போகிறாய்.

முதலில் உன் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். சிறுவயது முதல் நீ பரதம் ஆடியவள். அரைமண்டியில் பாதங்கள் இரண்டு பக்கமும் திரும்பியிருக்கும், முட்டிகள் விரியும், நெஞ்சு நிமிர்ந்து சபையைப் பார்க்கும். இந்தக் கலையின் அடிப்படைப் பயிற்சியான சாம் சியென் நிலையில் இதெல்லாம் நேர் எதிர். பாதங்கள் முன்னோக்கித் தோள் அகலத்தில் நிற்கும். ஒரு கால் ஓரடி முன்னே இருந்தாலும் எடை இரண்டு காலிலும் சமமாக இருக்க வேண்டும். கால்விரல்கள் தரையைப் பற்றும். இடுப்பெலும்பு உள்ளே மடங்கும், தோள் இறங்கும், நெஞ்சு சற்றே உள்வாங்கும், முழங்கைகள் நடுவை நோக்கி ஒடுங்கும். ஆசிரியர் "ஒடுங்கு, ஒடுங்கு" என்று சொல்லும்போது உன் உடம்பு பழக்கத்தால் விரியப் பார்க்கும். அதற்காகச் சலித்துக்கொள்ளாதே. பல ஆண்டு அரைமண்டி உன் தொடைக்குக் கொடுத்த வலு எங்கும் போகவில்லை. அது இங்கேயும் உன்னைத் தாங்கும். முட்டியை மட்டும் பாதம் காட்டும் திசையிலிருந்து திருகாதே. அம்மா பயப்படுகிற வலி அங்கேதான் தொடங்கும்.

சாம் சியென்தான் முதல் பாடம். என்னைக் கேட்டால் கடைசிப் பாடமும் அதுதான். முன்னே சில அடி, பின்னே சில அடி, இடையில் சில கை அசைவுகள். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். செய்கிறவருக்குச் சட்டை நனைந்துவிடும். என் சிஃபூ, அதாவது ஆசிரியர், பின்னால் வந்து இரண்டு தோளிலும் உள்ளங்கையால் ஓங்கி அறைவார். பிறகு தொடையைத் தன் காலால் தட்டிப் பார்ப்பார். தோள் சிறிது தூக்கியிருந்தால் அந்த அறை கழுத்துவரை ஏறும். இறங்கியிருந்தால் முதுகு வழியாகக் கீழே போய்க் குதிகாலில் முடியும். அடி கீழே இறங்கிய அந்த முதல் நாள்தான் இந்தக் கலை எனக்குப் பிடிபட்டது. உள்வாங்குவது, உமிழ்வது, மிதப்பது, அமிழ்வது என்று அவர்கள் சொல்லும் நான்கும் இந்த ஒரு பயிற்சிக்குள்ளேயே இருக்கின்றன. கடல் கடந்து ஒக்கினாவாவில் கராத்தேக்காரர்கள் சான்சின் என்று பயில்வதும் இதே ஃபுஜியன் வேரிலிருந்து கிளைத்ததுதான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கேற்றாதே. பக்கத்தில் நிற்கும் இளைஞர்கள் முகம் சிவக்க நிற்பார்கள். அதைப் பார்த்து நீயும் செய்யாதே. இரத்த அழுத்தம் ஏறித் தலை சுற்றும். மூக்கால் இழுத்து அடிவயிற்றுவரை விடு, வெளியே போவதைத் தடுக்காதே. இந்த மாதமே காலையில் சுவரோரம் முதுகு ஒட்டி நின்று பழகத் தொடங்கு. மணிக்கட்டை முன்னும் பின்னும் மடக்கி இளக்கு. நகத்தை வெட்டிவிடு. தட்டையான துணிக் காலணி போதும். ஆயுதம் எதையும் வாங்காதே. கம்பும் இரும்புக் கோலும் தரவேண்டிய காலத்தில் அவரே தருவார். முதல் நாள் அங் பாவ் (சிவப்பு உறையில் பணம்) கொடுப்பதா, பழம் கொண்டு போவதா என்று மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது. அந்தக் கூடத்தில் போதிதர்மர் பெயர் வரும். உடனே, "அவர் எங்கள் ஆள், காஞ்சிபுரத்திலிருந்து வந்து உங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்" என்று சொல்ல உனக்கு நாக்குத் துடிக்கலாம். சொல்லாதே, அம்மா. அவர் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. 547ஆம் ஆண்டையொட்டிய இன்னொன்று பாரசீகர் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலை இல்லை. உடற்பயிற்சியோடு அவரைச் சேர்த்துப் பேசும் நூலின் முன்னுரையே 1624இல்தான் வருகிறது. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாவோலின் கம்பைப் பற்றி எழுதியவர்கூட, அதைக் கற்பித்தது கின்னர தெய்வம் என்றே எழுதினார். அவரை மூதாதையராக வணங்குவது அவர்களுடைய மரபு. நீயும் வணங்கு, உரிமை கொண்டாடாதே. நாம்தான் உலகத்துக்கெல்லாம் கொடுத்தோம் என்கிற நினைப்போடு போகிறவருக்கு அங்கே கற்க எதுவும் இருக்காது. ஆசிரியர் காட்டுவதைப் பார்க்கவும் தோன்றாது.

பெருமைப்பட உண்மையானது வேண்டுமென்றால் நீ இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. 1281ஆம் ஆண்டு சித்திரையில், மங்கோலியப் பேரரசரின் நலம் வேண்டி, சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வெட்டினார். அதன் முடிவில் ஒரு சீன வரியும் உண்டு. கோயில் போய்விட்டது. அதனுடையவை என்று கருதப்படும் தூண்கள் சில கையுவான் பௌத்த ஆலயத்தின் பெரிய மண்டபத்துக்குப் பின்னே இன்றும் நிற்கின்றன. நரசிம்மரும் கண்ணனும் அவற்றில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். அந்தத் தமிழர்கள் வணிகம் செய்ய வந்தவர்கள், அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி ஆசிரியர் கேட்டால் தாராளமாகச் சொல்.

முதல் வாரம் முடிந்ததும் எனக்கு எழுது. எந்தக் காலை முன்னே வைத்துத் தொடங்கச் சொன்னார், கைகளை விரித்து வைக்கிறார்களா மூடியா, வணக்க அசைவு எப்படி என்று விவரமாக எழுது. கிளைக்குக் கிளை இவை மாறும். எங்கள் சிஃபூவின் வழி அங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிய எனக்கு ஆசை. அம்மா மூட்டுத் தைலம் அனுப்பியிருக்கிறார், பயிற்சிக்குப் பிறகு தடவிக்கொள்.

அன்புடன்,
அப்பா
கிள்ளான்