வில்லை இறுகினால் போதுமா?

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் வீட்டில் ரீவிக்கு ஓய்வு.

உன் மாணவன் தூளை இறுக்கிச் சுட்டுச் செய்த மீகடத்தி வில்லை (குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) விஷயத்துக்கு வருகிறேன். கன சென்ரிமீற்றருக்கு 6 கிராமுக்கு மேல் இறுக்கியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். வைபிசிஓவின் (இயிற்றியம், பேரியம், செப்பு, ஒட்சிசன் சேர்ந்த அந்தப் பொருளின்) முழு அடர்த்தியே 6.4க்குக் கிட்டத்தான், ஆகவே கெட்டிக்காரன். ஆனால் திரவ நைதரசனில் குளிர வைத்தும் மேலே வைத்த காந்தம் எழும்பவில்லையாம்; மீகடத்தியாகியிருந்தால் அதைத் தள்ளி மிதக்க விட்டிருக்கும். எனக்கு அந்த இறுக்கத்தின்மேல்தான் சந்தேகம்.

950 பாகையில் சுடும்போது அது ஒட்சிசனை இழந்துவிடும். வாய்பாட்டில் ஒட்சிசனின் எண் 7க்குக் கிட்ட இருக்கவேண்டியது 6.4க்குக் கீழே போனால் மீகடத்தல் என்ற பேச்சே இல்லை. விட்டதைத் திரும்ப எடுப்பது ஆறும்போதுதான், 500க்கும் 400க்கும் இடையில். துளை இருந்தால் வாயு உள்ளே போகும். இவன் எல்லாவற்றையும் அடைத்துவிட்டானே! தோல் மட்டும் சாப்பிட்டிருக்கும், உள்ளே பட்டினி. ஒட்சிசன் ஓட்டத்தில் 450 பாகையில் இரண்டு மூன்று நாள் விடச் சொல். கரண்ட் நின்றால் எல்லாம் போச்சு. 2022இல் 13 மணிநேரம் வெட்டினார்களே, அப்போது இந்த வேலையை யார் நினைத்திருப்பான்?

அதற்கு முன் வில்லையைப் பாதியாக உடைத்து முறிந்த முகத்தைப் பார்க்கட்டும். பச்சை நிறம் தெரிந்தால் கதை வேறு: கலவை விகிதம் பிழை, இல்லாவிட்டால் சூடு கூடிவிட்டது.

காந்தம் மிதந்ததும் மின்னோட்டம் அளக்க ஆசைப்படுவான். அங்கே அடர்த்தி மட்டும் கைகொடுக்காது. அடுத்தடுத்த மணிகள் (வில்லைக்குள் இருக்கும் சின்னச் சின்னப் படிகங்கள்) 10 பாகைக்கு மேல் திரும்பி நின்றால் எல்லையிலேயே ஓட்டம் விழுந்துவிடும்; ஐபிஎம் ஆட்கள் 1988இலேயே காட்டிவிட்டார்கள். அதனால்தான் 1010 பாகைக்கு மேல் பாதி உருக்கி, விதைப் படிகம் வைத்து, எல்லாம் அதன் திசையிலேயே அமைய மிக மெதுவாக ஆற்றி வளர்க்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி அதுதான், ஆனால் உங்கள் உலைக்கு அது பேராசை.

வில்லையைத் திறந்து வைக்க விடாதே. ஈரப்பதனில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், பேரியத்தின் வேலை. கொழும்பென்றால் சொல்லவே வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட போத்தலில் மூடி வை.

ஆவணியில் வருவாய்தானே? மற்றப் பாதியைக் கொண்டுவா, எக்ஸ்-கதிரில் போட்டுப் பார்க்கலாம். வரும் வரைபடத்தில் உச்சிகள் இரண்டாகப் பிரிந்திருந்தால் ஒட்சிசன் ஏறியிருக்கிறது.

உன்,
சிவா