மருமகளுக்குப் பதில் நான் சொன்னேன்

எங்கள் வட்டாரத் தாய்சேய் நலக் கிளினிக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக்கில், செம்பனைக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மருமகள் ஏழு மாசம். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எடை, பிரஷர், சிறுநீர் எல்லாம் பார்த்துக் கர்ப்பகாலப் பதிவுக்கான பிங்க் புத்தகத்தில் எழுதினார்கள். பிறகு ஒரு தாள். மலாயில் பத்துக் கேள்வி. வெளியே கூட்டம், மிஸிக்கும் (நர்ஸ்தான்) அவசரம், வாசித்துக்கொண்டே போனார். மருமகள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். கவலை? "தாக் அடா, மிஸி." இல்லை என்று மலாயில். அழுகை? "தாக் அடா." பத்துக்கும் பூஜ்யம். வீட்டு மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் நின்றபடி வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். "நெஞ்சு படபடன்னு இருக்கு அத்தை" என்பாள். பிள்ளைச்சூடு என்பேன். எட்டாம் மாசம் வரைக்கும் பால்மரம் சீவி வாளி தூக்கினவள் நான், எனக்கில்லாததா இவளுக்கு? (எனக்கும் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.)

பிரசவமாகி மூன்றாம் மாசம், பிள்ளை வீறிட்டாலும் எழாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரி, மருந்து, ஆலோசனை என்று அலைந்து தேற்றினோம்.

தாதிமை படிக்கும் என் சின்ன மகள்தான் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னாள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ அளவுகோலாம், 1987இல் வந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கென்று செய்தது, கர்ப்பிணிகளிடமும் கேட்கிறார்கள். கடந்த ஏழு நாளைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. 13ஐத் தொட்டால் விரிவாக விசாரிப்பது வழக்கம். பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எந்தப் பெண் அதற்கு ஆமாம் என்பாள்?

எச்சிலில் கார்ட்டிசோல் என்கிற மன அழுத்த ஹார்மோனைப் பார்த்தால் தெரியாதா என்றும் கேட்டேன். கர்ப்பத்தில் அது தானாகவே ஏறுமாம். காலையில் கூடி ராத்திரியில் இறங்குமாம். ராத்திரி விழித்துப் பகலில் தூங்குகிறவளிடம் ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து என்ன சொல்ல? வாயைத் திறந்து கேட்பதுதான் வழி.

அதனால் கேட்கிறேன். அந்தக் கேள்விகள் தமிழிலும் உண்டு, தமிழில் கேளுங்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். நானாயிருந்தால் முறைப்பேன், பொருட்படுத்த வேண்டாம். எத்தனை மணி நேரம் நிற்கிறாய், என்ன தூக்குகிறாய் என்பது அந்தப் பத்தில் இல்லை. அதையும் சேருங்கள். 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள், நல்லதுதான். ஆனால் ஏழாம் மாசத்தில் அவளுக்கு வேண்டியது ஒரு நாற்காலி. உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு சீட்டு எழுதினால் சூப்பர்வைசர் கேட்பார்.

மருமகள் இப்போது மறுபடி மூன்று மாசம். அடுத்த புதன்கிழமை புத்தகம் திறக்க வருகிறோம். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மாமியார்