நல்ல தண்ணிக் கொசு

வியாசர்பாடி,
ஞாயிறு மத்தியானம்

பாப்பாவுக்கு,

நைனா எழுதுறேன். போன்ல பேசலாம்தான். ஆனா நான் சொல்ல வந்ததைச் சொல்றதுக்குள்ள உங்கம்மா போனைப் பிடுங்கி, "இன்னைக்கு இன்னா சாப்பிட்டே"ன்னு ஆரம்பிச்சுடுவா. அப்புறம் உனக்கு அங்க கரெண்டு போயிடும். அதான் உக்காந்து எழுதுறேன். பொறுமையா படி.

போன வாரம் சிரிச்சுக்கினே ஒண்ணு சொன்னியே. "நைனா, நம்மூரு கொசு இங்க எத்தியோப்பியாவுல டிரே டாவாவுக்கும் வந்துடுச்சாம். லீவு நாள்ல விடியக்காலையில ஒரு பொண்ணு கதவைத் தட்டி, தண்ணி டிரம்மைத் திறந்து காட்டுன்னா. தூக்கமே போச்சு. அப்புறம் வான்னு அனுப்பிட்டேன்." நானும் சேர்ந்து சிரிச்சேன். போனை வெச்சதுக்கு அப்புறம் சிரிப்பு வரல.

முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கதவுக்கு வெளிய நின்னவன் நான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஸ்கூல்ல அப்பா இன்னா வேலைன்னு கேட்டா "ஹெல்த்துல இருக்காரு"ன்னு சொல்வே. கொசு மருந்து அடிக்கிறாருன்னு சொல்ல உனக்கு வெக்கம். அதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல, எனக்கே வெக்கமாத்தான் இருந்துச்சு. தோள்ல ஸ்ப்ரே டப்பா, கையில டார்ச், நீளக் கைப்பிடி வெச்ச கரண்டி ஒண்ணு, அதை டிப்பர்னு சொல்வோம். காக்கிச் சட்டையில அபேட் வாடை, தண்ணியில இருக்குற கொசுப் புழுவைக் கொல்ற மருந்து. துவைச்சாலும் போகாது, உங்கம்மா அந்தச் சட்டையைத் தனியா ஊற வெப்பா.

நம்ம ஏரியாவுல எந்த வூட்டுக் கதவைத் தட்டினாலும் முதல்ல கேக்குறது ஒண்ணுதான்: "இன்னாய்யா, கால்வாய்ல அடிக்கச் சொன்னா வூட்டுக்குள்ள பூந்துக்கினு வர்றே?" கேக்குறவங்க மேல தப்பு இல்ல. பக்கிங்ஹாம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் சுத்தி ஓடுற ஊர்ல, கொசுன்னா சாக்கடைன்னுதானே தோணும். சாயந்திரம் காதுல ரீங்காரம் போடுறது நிஜமாவே சாக்கடைக் கொசுதான், க்யூலெக்ஸ். ஆனா அதால மலேரியா வராது. மலேரியாவைக் கொண்டு வர்றது அனாபிலிஸ் ஸ்டீபன்சை. அது சாக்கடைப் பக்கம் போறதில்ல. மொட்டை மாடி டேங்க்கு, கிணறு, மெட்ரோ வாட்டர் பிடிச்சு வெச்ச டிரம், இப்படி நம்ம குடிக்கிற நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். சத்தம் கம்மி. ராத்திரி கடிக்கும். டெங்கு கொசு பகல்ல கடிக்கும், அது வேற.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல தமிழ்நாட்டு மலேரியாவுல பெரும்பங்கு சென்னையிலதான். சென்னையில பாதிக்கு மேல நம்ம பக்கம்னு எங்க பெரியவரு சொல்வாரு, கணக்கு அவருக்குத்தான் தெரியும். காரணம் சொல்லவே வேணாம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி விட்டா, எந்தப் பொம்பளையும் கிடைச்ச குடம், அண்டா, டிரம் எல்லாத்துலயும் பிடிச்சுத்தான் வெப்பா. 2003, 2004ல தண்ணிப் பஞ்சம் வந்தப்போ தெருவுக்குத் தெரு கறுப்பு டேங்க்கு வெச்சு லாரித் தண்ணி ஊத்தினாங்க, நீயும் குடம் தூக்கினியே. மூடி இல்லாத டேங்க்கு எத்தனை பார்த்திருப்பேன்! தண்ணி குடுக்க ஒரு ஆபீஸு, கொசுவைக் கொல்ல ஒரு ஆபீஸு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டதே இல்ல.

முட்டை போட்டு அது கொசுவாகிப் பறக்க ஏழுல இருந்து பத்து நாள் ஆகும். அதனாலதான் வாரத்துக்கு ஒரு தடவை வூடு வூடா வந்து நின்னோம். எட்டு நாள் கழிச்சுப் போனா பறந்திருக்கும்.

உன் ஊர்லயும் இதே கதைதான்னு தோணுச்சு. எங்ககூட வேலை பார்த்த பூச்சியியல் அய்யாவைப் பிடிச்சுக் கேட்டேன். ரிட்டயர் ஆகியும் அவருக்கு இதே பேச்சுதான். ஆப்பிரிக்காவுல இந்தக் கொசுவை முதல்ல 2012ல ஜிபூட்டியிலதான் கண்டுபிடிச்சாங்களாம். அந்த வருஷம் அந்த நாட்டுல 27 பேருக்குத்தான் மலேரியா. 2020ல 73,000க்கு மேல. எத்தியோப்பியாவுல 2016ல பார்த்தாங்க. 2022ல உன் டிரே டாவாவுலயே மழையில்லாத மாசத்துல மலேரியா கிளம்புச்சு. ஆப்பிரிக்கக் கொசு மழைக்குக் காத்திருக்கும், நம்ம கொசு காத்திருக்காது, அதுக்கு உன் டிரம் இருக்கு.

பெரியவருன்னு சொன்னேனே, எங்க டிவிஷன் மேஸ்திரி. கதவு திறக்க வெக்கிற வித்தை அவரு கத்துக் குடுத்ததுதான். "போனதும் டேங்க்கைக் கேக்காதே. குடிக்கத் தண்ணி கேளு"ன்னாரு. தண்ணி குடுத்த வூட்ல, அந்தத் தண்ணி எங்க பிடிச்சு வெக்கிறீங்கன்னு அடுத்தாப்ல கேட்டுடலாம். பெரும்பாலும் வேலை செஞ்சுது. சில வூட்ல டம்ளரைக் குடுக்க மாட்டாங்க, தூக்கி ஊத்துவாங்க, கையை ஏந்தணும். அதைப் பத்தி எழுதினா இந்தக் கடுதாசி பத்தாது, விடு.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு இட்லிக்கடை அம்மா இருந்தாங்க. கொஞ்ச காலம் என்னை அந்தப் பக்கம் போட்டிருந்தாங்க. தொட்டியில டிப்பரை விட்டு எடுத்துக் காட்டினேன். புழு தண்ணி மேல படுத்தாப்ல மிதக்கும், அதுதான் அனாபிலிஸ். மத்தது வாலை மேல வெச்சு தலைகீழாத் தொங்கும். அந்தம்மா பார்த்துட்டு, "இது தண்ணிப் பூச்சி, கொசு இல்ல, எனக்குத் தெரியாதா"ன்னுட்டாங்க. வாதாடல. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கேட்டு வாங்கி, புழுவோட தண்ணியை ஊத்தி, வாய்ல துணி கட்டி, அடுப்பு பக்கம் வேணாம் ஜன்னல்ல வெய்யுங்கன்னு வெச்சுட்டு வந்தேன். நாலாம் நாள் தெருமுனையில என்னைப் பார்த்ததும் ஒரு கத்து கத்தினாங்க: "யோவ்! பாட்டிலுக்குள்ள பறக்குதுய்யா!" அன்னைக்கு இருந்து அந்தத் தெருவுல நான் மூடியைப் பத்திப் பேசவே வேண்டியிருக்கல. அந்தம்மா பேசினாங்க. திறந்து கிடந்தா யாரு வூடுன்னும் பார்க்காம உள்ள போய் மூடிட்டு வருவாங்க.

மாத்திரைக்கும் அவங்கதான். வைவாக்ஸ்னு ஒரு வகை மலேரியா, அதுன்னா மூணு நாள் குளோரோகுயின், அதோட பதினாலு நாள் பிரைமாகுயின். மூணாம் நாளே காய்ச்சல் நின்னுடும், ஆளு வேலைக்குப் போயிடுவான். கிருமி ஈரலுக்குள்ள பதுங்கி இருந்து ரெண்டு மாசமோ ஆறு மாசமோ கழிச்சுத் திரும்ப வரும். அப்ப எங்களைத்தான் திட்டுவாங்க, கவருமெண்டு மாத்திரை வேலைக்காவாதுன்னு. நான் இன்னா பண்ணேன்னா, தினசரிக் காலண்டர் தாள்ல ஒவ்வொரு நாளுக்கும் ரெண்டு மாத்திரையைப் பொட்டலமா வெச்சு பின் அடிச்சுக் குடுத்தேன். தேதியைக் கிழிச்சா மாத்திரை கையில வரும். வெறும் வயித்துல போட்டா குமட்டும், அதனால அந்தம்மா கடையில ரெண்டு இட்லி தின்னுட்டு அங்கயே முழுங்கிட்டுப் போவாங்க. யாரும் அந்தம்மாவுக்குச் சம்பளம் குடுக்கல, பேரும் எழுதல.

இப்ப சொல்லப்போறதை உங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல.

ஒரு நாலு மாடி ஹவுசிங் போர்டு பிளாக். எந்த இடம்னு வேணாம். மொட்டை மாடிக்குப் போற இரும்பு ஏணி உடைஞ்சு கிடந்துச்சு. கேட்டுச் சாவி ஒருத்தன்கிட்ட, அவன் எப்பவும் வூட்ல இருக்க மாட்டான். முதல் வாரம் அவனுக்காக முக்கா மணி நேரம் நின்னேன். ரெண்டாவது வாரம் நிக்கல. வூட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போனதுக்கு அடையாளமா சுவத்துல சாக்பீஸால தேதி போட்டு கையெழுத்துப் போடணும். போட்டேன். ரிஜிஸ்டர்ல டிக் அடிச்சேன். மூணாவது வாரமும். நாலாவது வாரமும்.

அப்புறம் அந்தப் பிளாக்ல காய்ச்சல். விரல்ல குத்தி ஸ்லைடு எடுக்க என்னைத்தான் அனுப்பினாங்க. மூணாவது மாடியில ஏழு மாச கர்ப்பிணிப் பொண்ணு, நடுங்கிக்கினு போர்வைக்குள்ள கிடந்துச்சு. முன்னாடி ஒரு கிளினிக்ல ரத்தம் பார்க்காமலே ஊசி போட்டு அனுப்பியிருக்காங்க. ஸ்லைடுல மலேரியா. கர்ப்பிணிக்குப் பிரைமாகுயின் குடுக்கக் கூடாது, குளோரோகுயினோட நிறுத்திக்கணும், குழந்தை பொறக்குற வரைக்கும் பார்த்துக்கினே இருக்கணும். மேஸ்திரி அன்னைக்கே ஒரு மர ஏணி கொண்டாந்து, அறுபது வயசு நெருங்கின மனுஷன், தானே ஏறினாரு. டிப்பரை எனக்கு முன்னாடி நீட்டினாரு. எண்ண முடியல. என்னை ஒண்ணும் கேக்கல. கீழ இறங்கி, சுவத்துல இருந்த என் கையெழுத்தைத் துண்டால துடைச்சுட்டுப் போனாரு.

அந்தக் குழந்தை எடை கம்மியாப் பொறந்துச்சு. பிழைச்சுக்கிச்சு. அந்தப் பொண்ணைக் கடிச்ச கொசு அந்த டேங்க்குலதான் வந்துச்சுன்னு நிரூபிக்க முடியாது, பக்கத்துல கிணறும் இருந்துச்சு. எனக்கு நிரூபணம் தேவைப்படல. குழந்தைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் வாராவாரம் அந்தப் பிளாக்குக்கு முதல்ல போவேன். அந்தப் பொண்ணு என்னை நல்லவன்னு நினைச்சுக்கினு மோர் குடுக்கும். அந்த மோரைக் குடிக்கிறதுதான் பெரிய தண்டனை.

இந்த மாதிரி தப்பு எனக்கு மட்டும் வரல. 1953ல நாடு முழுக்க மலேரியாவுக்குன்னு திட்டம் போட்டாங்க. அப்ப வருஷத்துக்கு ஏழரைக் கோடி பேருக்கு வந்துக்கினு இருந்துச்சுன்னு கணக்கு. 1965ல ஒரு லட்சத்துக்குக் கொண்டாந்துட்டாங்க. முடிஞ்சுதுன்னு கை தளர்ந்துச்சு, டிடிடி மருந்தும் தட்டுப்பாடு, கொசுவுக்கும் மருந்து பழகிப்போச்சு. 1976ல 64 லட்சத்தைத் தாண்டிடுச்சு. நான் மூணு வாரம் ஏறாத மாடி, அவங்க பத்து வருஷம் ஏறல. டவுனுக்குன்னு தனித் திட்டமே 1971லதான் வந்துச்சு.

புகை மருந்து பத்தியும் சொல்லிடறேன், அங்கயும் யாராவது கேப்பாங்க. வண்டி புகை விட்டுக்கினு போனா பசங்க பின்னாடி ஓடும், ஜனத்துக்குத் திருப்தி, கவுன்சிலருக்கும் திருப்தி. பறக்குற கொசு கொஞ்சம் சாகும். தொட்டியில இருக்குற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த வாரம் அது பறக்கும். எனக்குப் புகை வண்டியைப் பார்த்தாலே கடுப்பு. நாங்க நூறு வூடு ஏறி இறங்கினது யாருக்கும் தெரியாது, அது ஒரு ரவுண்டு வந்தா கை தட்டுவாங்க.

இப்ப நம்ம தெருவுல மலேரியான்னு கேள்விப்படுறதே அபூர்வம். தினக்கூலிக்கு வர்ற சின்னப் பசங்கதான் டேங்க்கு பார்க்க வர்றாங்க. போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. உங்கம்மா ஏதோ சீரியல் நடுவுல, "எங்க வூட்ல எல்லாம் சுத்தம்மா, அவரே இந்த டிபார்ட்மெண்டுதான்"னு வாசல்லயே அனுப்பப் பார்த்தா. நான் கூப்பிட்டு மாடிக்குக் கூட்டிக்கினு போனேன். எங்க டேங்க்கு மூடியில ஒரு விரிசல், ஒரு கொசு நுழையுற அளவு. அந்தப் பொண்ணுதான் காட்டுச்சு. நான் பார்க்கல.

உன் கதவைத் தட்டின பொண்ணைப் பத்தியும் அய்யா சொன்னாரு. அந்த நாட்டுல 2003ல ஆரம்பிச்சாங்களாம், கிராமத்துக்கு ரெண்டு பொண்ணுங்க, பத்தாவது முடிச்சவங்க, ஒரு வருஷம் பயிற்சி, சம்பளம். அப்புறம் டவுனுக்கும் அதே மாதிரி ஆளு போட்டாங்களாம். அவங்கள்ல ஒருத்தியாத்தான் இருக்கணும். அந்தப் பொண்ணுக்கும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும் பாப்பா. நீ அப்புறம் வான்னதை அது இன்னான்னு எழுதியிருக்கும்னு எனக்குத் தெரியல. பார்த்ததா டிக் அடிச்சிருந்தா என்னால திட்ட முடியாது.

அடுத்த தடவை வந்தா டீ குடுக்காட்டியும் ஒரு டம்ளர் தண்ணி குடு. அந்த டிரம்ல இருந்தே குடு. கையில டம்ளரைக் குடு. நீயே டார்ச் அடிச்சு உள்ள பாரு, படுத்தாப்ல மிதக்குதா, தலைகீழாத் தொங்குதான்னு பார்த்து எனக்குச் சொல்லு. வாரத்துக்கு ஒரு நாள் டிரம்மைக் காலி பண்ணி உள் பக்கம் தேய்ச்சு ஊத்து, டெங்கு கொசு முட்டையும் ஒட்டிக்கினு இருக்கும். உனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவுன்னா ஞாயித்துக்கிழமை. காய்ச்சல் வந்தா, ஊசி எதுவும் போடறதுக்கு முன்னாடி ரத்தம் பார்க்கச் சொல்லு.

உங்கம்மா என் பழைய வேட்டியை வெட்டி, ஓரத்துல எலாஸ்டிக் வெச்சு, டிரம் வாய்க்கு மூணு உறை தைச்சு வெச்சிருக்கா. உன் டிரம் அளவு தெரியாம ஒரு அண்டாவை வெச்சு அளந்தா. வாய் எத்தனை அங்குலம்னு நூல் பிடிச்சுப் பார்த்து போன்ல சொல்லு. அடுத்த மாசம் உன் காலேஜ் வாத்தியாரு லீவு முடிஞ்சு திரும்புறாருன்னு சொன்னியே, அவர்கிட்ட குடுத்து அனுப்புறோம். ஊறுகாயும் வெக்கிறேங்கிறா. ரெண்டு உறை உனக்கு, ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு.

நைனா