லுவாங்வா கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

வணக்கம். மழை பிடித்துவிட்டது. முற்றத்துப் புளியமரம் தளிர் விட்டிருக்கிறது. ஆறு கலங்கி, வேகமெடுத்து ஓடுகிறது. விருந்தினர் குறைவான மாதம் இது. உட்கார்ந்து எழுத இப்போதுதான் கை ஒழிந்தது.

சாம்பியாவின் கிழக்கே, தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்கு வெளியே, ம்ஃபுவே பக்கத்தில் ஆறு அறைகள் கொண்ட சின்ன லாட்ஜ் எங்களுடையது. 2024-ஆம் வருஷத்தை நாங்கள் தாண்டி வந்தோம் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். நேரில் பார்த்தபோதெல்லாம் ‘ஸிகோமோ குவாம்பிரி’ என்று உங்கள் மொழியில் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு மனசு நிறைந்து பேச வருவது தமிழில்தான். அதனால் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது இதை நான் வாசிக்க, எங்கள் வழிகாட்டித் தம்பி வரிக்கு வரி உங்கள் சின்யாஞ்சா மொழியில் சொல்வதாக ஏற்பாடு. ஊரில் இருக்கும் எங்கள் சொந்தபந்தங்களும் இதைப் படிக்கட்டும். “காட்டுக்குள்ள தனியா எப்படி இருக்கீங்க?” என்று கேட்கிற அவர்களுக்கு, நாங்கள் தனியாக இல்லை என்று தெரியட்டும்.

அந்த வருஷம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை நின்றுபோனது. பிப்ரவரி 29-ஆம் தேதி அதிபர் ஹிச்சிலேமா வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். இங்கே மக்காச்சோளம் என்றால் சோறு. அதன் மாவைக் கிண்டிச் செய்கிற ‘ன்ஷிமா’ இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. அந்த மக்காச்சோளம்தான் வயலிலேயே காய்ந்து நின்றது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வருவது. கரிபா அணையில் நீர் இறங்க இறங்க மின்வெட்டும் கூடியது. செப்டம்பர் வாக்கில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கரண்ட் வந்தால் பெரிது, அதுவும் நடுராத்திரியில் வரும். நாங்கள் கடன் வாங்கிப் போட்டிருந்த பேட்டரிகளில் பாதி நாலே மாதத்தில் செத்துப்போயின. வாங்கிய இடத்தில் பதில் இல்லை.

லாட்ஜ் நடத்துவது பெரும்பாலும் தண்ணீர், பனிக்கட்டி, துணி இந்த மூன்றோடும் மல்லுக்கட்டுவதுதான். காலை ஐந்து மணிக்கு விருந்தினரை எழுப்பி டீ கொடுக்க வேண்டும். ஆறு மணிக்கு வண்டி பூங்கா வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்குப் புழுதியோடும் பசியோடும் திரும்புவார்கள். நாலு மணிக்கு மறுபடி கிளம்பி, இருட்டில் விளக்கடித்துச் சிறுத்தை தேடிவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பூங்கா மூடும்போதுதான் வருவார்கள். இத்தனைக்கும் இடையில் வெந்நீர் வர வேண்டும், படுக்கை விரிப்பு வெளுப்பாக இருக்க வேண்டும்.

முதல் நன்றி எங்கள் ராக்காவலர் அகோகோவுக்கு. இங்கே தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத அந்த மாதங்களில், ஒவ்வொரு ராத்திரியும் கண் விழித்திருந்து, விளக்கு எரிந்த அடுத்த நிமிஷமே மோட்டாரைப் போட்டு தொட்டி நிரப்பியவர் அவர். அது அவர் வேலையே இல்லை. அவர் வேலை, இருட்டியபின் விருந்தினரை அறை வரை கூட்டிப்போய் விடுவது. எங்களுக்கு வேலி கிடையாது. ராத்திரியில் நீர்யானைகள் புல் மேய முற்றத்துக்கே வரும். புல்லைப் பிய்க்கிற சத்தத்தை வைத்தே எத்தனை நிற்கின்றன, எந்தப் பக்கம் என்று அவர் சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு விருந்தினருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அடுத்து, துணி வெளுக்கிற அமாய். அம்மாவுக்கு இங்கே அமாய் என்று பெயர். வெளியில் காயப்போட்ட துணியில் ‘புட்ஸி’ என்கிற ஈ முட்டையிடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாக வீங்கும். அதனால் ஒவ்வொரு துணியையும், உள்ளாடை வரைக்கும், சூடாகத் தேய்த்தே ஆக வேண்டும். கரண்ட் இல்லை என்றானதும் அமாய் தன் வீட்டிலிருந்து கரிப்பெட்டியைக் கொண்டுவந்தார். நம்மூர்த் தெருமுனை இஸ்திரி வண்டியில் இருக்குமே, அதே மாதிரி. அக்டோபர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் தணல் நிரப்பிய பெட்டியோடு நின்று, தையல் மடிப்பையும் கழுத்துப் பட்டியையும் இரண்டு முறை அழுத்துவார். “இங்கதான் அது ஒளிஞ்சிருக்கும்” என்று விரலால் தடவிக் காட்டுவார். அமாய், உங்கள் உள்ளங்கையில் அந்தச் சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் பார்க்காமல் இல்லை.

சமையல்கார அண்ணன் ரொட்டி அடுப்புக்குக் கரண்ட் இல்லாததால் தகரப் பெட்டி ஒன்றைத் தணலில் வைத்து, மேலேயும் தணல் பரப்பி தினமும் ரொட்டி சுட்டார். மின் அடுப்பில் சுட்டதைவிட அது நன்றாக இருந்தது என்று மனதார எழுதுகிறேன். ஆகவே அண்ணே, கரண்ட் வந்தபின்னும் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.

இப்போது அந்த ராத்திரியைப் பற்றி.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், விடிகாலை இரண்டு மணி இருக்கும். ஒன்பது விருந்தினர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டிப் பக்கம் மடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் தண்ணீர் பீறிடுகிற ஓசை. ஆறு வாய்க்கால் போலச் சுருங்கிக் கிடந்த சமயம். ஆண் யானை ஒன்று மண்ணுக்குள் இருந்த குழாயை மோப்பம் பிடித்து, தந்தத்தால் கிளப்பிப் பிடுங்கிவிட்டது. நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். நிலா வெளிச்சம். பீச்சுகிற தண்ணீரில் துதிக்கையை வைத்து, கொஞ்சமும் அவசரப்படாமல் குடித்துக்கொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. கோபம் வர வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. அரை மணியில் தொட்டி காலி.

அகோகோ கத்தவில்லை, தகரத்தைத் தட்டவில்லை. யானைச் சாணத்தோடு மிளகாய்த்தூள் பிசைந்து காயவைத்த செங்கல் ஒன்றைக் கொளுத்தி, காற்று அதன் பக்கம் அடிக்கிற இடமாகப் பார்த்து வைத்தார். நெடி ஏற ஏற யானை தலையை ஆட்டியது, காதை விசிறியது, பிறகு மெதுவாகத் திரும்பி ஆற்றுப் பக்கம் இறங்கியது. யாருக்கும் காயமில்லை, யானைக்கும் இல்லை.

அந்த மிளகாய்க்கல் கிராமத்துப் பெண்கள் எங்களுக்குக் கொடுத்தது. வயலைக் காக்கத் தங்களுக்கென்று செய்து வைத்திருந்ததில் ஒரு பங்கு. கன்சர்வேஷன் சவுத் லுவாங்வா அமைப்பு பல வருஷமாக இங்கே மிளகாயை வைத்தே யானையையும் மனிதரையும் மோதவிடாமல் காத்து வருகிறது. மிளகாய் எண்ணெய் தோய்த்த துணியைக் கயிற்றில் கட்டிய வேலி, ராத்திரி ரோந்து என்று அவர்கள் செய்வது பல. உயிரைப் பணயம் வைத்து வயல்களில் விழித்திருக்கிற அந்த ரோந்துக்காரர்களுக்கும், விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் தங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த அக்காமார்களுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யானை தின்ற வயலுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். யானையைக் காட்டிச் சம்பாதிக்கிறவர்கள் நாங்கள். எங்கள்மேல் அவர்கள் மனம் கசந்திருந்தால்கூட நியாயம்தான்.

விடிந்தால் ஒன்பது பேருக்கு முகம் கழுவத் தண்ணீர் இல்லை. ஆற்றின் போக்கில் கொஞ்சம் கீழே இருக்கிற பக்கத்து லாட்ஜ்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள், கூடவே நீளமான ரப்பர் குழாயும். அவர்கள் ஆழ்துளைக் கிணறும் இறங்கிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு நாள் தினமும் வந்தார்கள். குழாய் பொருத்துகிற அண்ணன் பதினாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தார். ராத்திரியில் பாதை யானைகளுடையது என்பதால் வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் மண்வெட்டியைக் கேட்டார். புதுக் குழாயை இரண்டு மடங்கு ஆழத்தில் புதைத்து மேலே கல் பரப்பினார். கூலி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கடைசியில், “மழைக்கு விதை வாங்க முடிஞ்சா வாங்கிக் கொடுங்க” என்றார். அண்ணே, விதை மூட்டை வந்து சேர்ந்துவிட்டது. இந்த வாரமே உங்கள் வீட்டுக்கு வரும்.

சிப்பாட்டாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் குஜராத்திப் பெரியவருக்கும் நன்றி. நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் எங்களுக்கு அரிசி, பருப்பு, கடுகெல்லாம். மூன்று மாதம் கடனுக்குக் கொடுத்தார். ஒரு முறைகூட நோட்டைத் திறந்து காட்டவில்லை. சுற்றுவட்டார லாட்ஜுகள் சேர்ந்து செலவு ஏற்று வைத்திருக்கும் மருத்துவருக்கும், கிளினிக் செவிலியருக்கும். என் கணவருக்கு மலேரியா கண்ட அன்று நீங்கள் பேசிய நாலு வார்த்தையிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

விருந்தினர் காட்டுக்குள் நடந்தே விலங்கு பார்க்கப் போகும்போது துப்பாக்கியோடு முன்னால் நடக்கும் பூங்காத் துறைக் காவலரே, இத்தனை காலத்தில் உங்கள் துப்பாக்கி வெடித்து நான் கேட்டதில்லை. அதற்காகத்தான் உங்களுக்கு நன்றி. காற்றைப் பார்த்து, தடத்தைப் பார்த்து, முன்கூட்டியே எங்களைத் திருப்பி நடத்துவீர்கள். 1950-லேயே இங்கத்துக் குந்தா மக்களின் தலைவர் என்செஃபுவும் வனவிலங்கு அதிகாரி நார்மன் கார் என்பவரும் பேசி, அந்த மக்களின் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கு ஒதுக்கி, பார்க்க வருவோர் தரும் பணம் ஊருக்கே சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அன்று அந்த மக்கள் இடம் விட்டதால்தான் இன்று எங்களுக்குப் பிழைப்பு. இந்த வருஷ வரவில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு எங்களால் முடிந்தது குறைவு. அடுத்த வருஷம் கூட்டித் தருகிறோம், இது வாக்கு.

பக்கத்து லாட்ஜ்காரர்களே, உங்கள் ரப்பர் குழாய் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. கழுவி, சுருட்டி, புளியமரத்தடியில் வைத்திருக்கிறேன். பாதைச் சேறு கொஞ்சம் காய்ந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன். தகரப் பெட்டி ரொட்டியும் கூட வரும்.

அன்புடனும் நன்றியுடனும்,
லாட்ஜ் வீட்டு அமாய்,
ம்ஃபுவே