அப்பாவுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து

கோலாலம்பூர், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். இங்குள்ள தமிழர்கள் "பசியாறியாச்சா?" என்றுதான் நலம் விசாரிக்கிறார்கள், வேளைக்குப் பசியாறுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அணு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற கடும் சூட்டு வாயுவை, காந்தத்தால் பிடித்து வைக்க முடியுமென்றால் அதிலிருந்து இன்னும் ஏன் மின்சாரம் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான் இயக்குவது, 1980களில் பேராசிரியர் சிங் லீயின் குழு இங்கே உருவாக்கிய சிறிய பிளாஸ்மா ஃபோகஸ் வகைக் கருவி; அதில் பிளாஸ்மா கண்ணிமைக்கும் முன்னே சிதறிவிடும். அதை நிறுத்திவைக்கப் பாடுபட்டவர்கள் பற்றித்தான் இரவுகளில் படிக்கிறேன்.

இத்தாலியின் பதுவா நகரில் ஆர்.எஃப்.எக்ஸ்-மோட் என்ற வளைய வடிவப் பிளாஸ்மாக் கருவி இருந்தது. அதில் பிளாஸ்மாவுக்குள் ஓடிய, 20 லட்சம் ஆம்பியர் வரையிலான மின்னோட்டமே காந்தப்புலத்தின் பெரும்பகுதியை உண்டாக்கியது. மின்னோட்டம் நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதால் புலம் தானாகவே நடுங்கத் தொடங்கும். நடுக்கம் நூற்றில் ஒரு பங்கே ஆனாலும் காந்தக் கோடுகள் அறுந்து, வேறிடத்தில் ஒட்டி, சிக்கலான நூல்கண்டாகிவிட, வெப்பம் அவற்றின் வழியே சுவருக்கு ஓடிவிடும். அமெரிக்காவின் மேடிசனில் இதே வகைக் கருவி ஒன்றில், பிளாஸ்மாவின் ஓரத்தில் சிறிது நேரம் மின்னோட்டத்தைக் கூட்டி இந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தபோது, வெப்பம் தங்கும் நேரம் ஏறத்தாழ 1 மில்லிநொடியிலிருந்து 10 மில்லிநொடியானது.

பதுவாவில் செய்தது உங்கள் மோட்டார் பட்டறைத் தொழிலுக்கு நெருக்கமானது. வளையத்தைச் சுற்றி 192 சுருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்வழங்கி. உணரிகள் நடுக்கத்தை அளக்க, கணினி அதற்கு எதிர்ப்புலம் எழுப்பும். ஆனால் சுருள்கள் தனித்தனியாக இருப்பதால் அவை தம் வடிவத்தையும் புலத்தில் பதித்துவிட, உணரிகள் அதையும் பிளாஸ்மாவின் நடுக்கமாகவே காட்டின. சுருள்களின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே கட்டுப்பாடு சீரானது. மோட்டார் சுருளை அளக்கும்போது மீட்டர் வயரின் மின்தடையைக் கழித்துவிட்டுத்தானே நீங்கள் நோட்டில் குறிப்பீர்கள்! படித்தபோது பட்டறையில் நிற்பதுபோல் இருந்தது.

பிரான்சில் எழும்பும் ஈட்டர் என்ற அணு இணைவு உலையில், பிளாஸ்மாவின் ஓரத்தில் எழும் வெடிப்புகளை அடக்க 27 சுருள்கள் கலத்துக்குள்ளேயே பொருத்தப்படும். சுருள் கம்பியின் காப்பு வார்னிஷ் அங்கே தாங்குமா என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். தாங்காது அப்பா. தாமிரத்தைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடுப் பொடியை இறுக அடைக்கிறார்கள். நம் வீட்டு வெந்நீர்க் கம்பிக்குள் இருக்கும் அதே வெள்ளைப் பொடி.

அன்பு மகன்