தீய்த்துவிடாமல் வெட்டி அனுப்பியவர்களுக்கு

அம்மாவின் உள்ளங்காலில் இருந்தது போரோமா என்று உறுதியாகி, தையலும் பிரித்தாயிற்று. வியர்வைக் குழாயிலிருந்து கிளம்பும் அரிய கட்டி, புற்று இல்லை. இதில் கைகொடுத்தவர்களில் பாதிப்பேர் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், தோல் டாக்டருக்கு. பட்டாணி அளவில் சிவந்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளம் விழுந்து, செருப்பு உரசினாலே ரத்தம் கசிந்த அதை முன்பு பார்த்த இடத்தில் கால் ஆணி என்றார்கள். பிறகு மரு என்றார்கள். தீய்த்துவிட நாளும் குறித்தார்கள். நீங்கள் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "தீய்ச்சிட்டா என்னன்னே தெரியாமப் போயிடும். முழுசா எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பணும்" என்றீர்கள். நிறமற்ற மெலனோமா என்ற தோல் புற்றும் பார்வைக்கு இப்படி இருக்கலாம் என்பதை அம்மாவிடமே ஒளிக்காமல் சொன்னீர்கள். அம்மா அசரவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

குடும்பத்தில் யாருக்காவது தலையிலோ முகத்திலோ கட்டிகள் உண்டா என்று நீங்கள் கேட்டதன் காரணம் அப்போது புரியவில்லை. தலையிலும் முகத்திலும் வரும் சிலிண்ட்ரோமா, ஸ்பைரடினோமா போன்ற தோல் கட்டிகள் சிஒய்எல்டி என்ற மரபணுக் கோளாறால் வம்சமாக வரும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவற்றிலும் எப்போதாவது ஒன்று புற்றாகும் என்று பிறகு விளக்கினீர்கள். எங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை.

அடுத்து, வெட்டி எடுத்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்னதென்று சொல்லும் பேத்தாலஜி டாக்டருக்கு. உண்மையில் இந்த மடலே உங்களுக்காகத்தான். போரோமா என்ற பெயர் 1956இலேயே வந்துவிட்டது. பெரும்பாலானவை கடைசிவரை சாதுவாகவே இருக்கும். ஆனால் பல வருடம் சும்மா கிடந்த ஒன்று திடீரென்று வளர்ந்து, புண்ணாகி, போரோகார்சினோமா என்ற புற்றாக மாறி நெறிகட்டும் இடங்களுக்குப் பரவுவதும் உண்டு. அம்மாவின் கட்டியில் ஓரிடத்தில் செல்கள் கொஞ்சம் வேகமாகப் பிரிவதைப் பார்த்ததும் நீங்கள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவில்லை. கட்டியைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னீர்கள். ஸ்லைடுகளை இன்னொரு நிபுணருக்கும் அனுப்பினீர்கள். மரபணுச் சோதனை செய்தால் தெரியாதா என்று போனில் கேட்டேன். ஒய்ஏபி1 மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளும் மாற்றம் போரோமாவிலும் இருக்கிறது, அதன் புற்று வடிவத்திலும் இருக்கிறது என்று 2019இல் கண்டிருக்கிறார்கள், ஆகவே அதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது என்றீர்கள். செல்லின் உருவம், கட்டியின் விளிம்பு தோலுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பது, இதையெல்லாம் கண்ணால்தான் பார்த்தாக வேண்டுமாம். பார்த்தீர்கள். ஊடுருவவில்லை, வெட்டிய ஓரங்களிலும் கட்டி மிச்சமில்லை. காத்திருந்த நாட்களில் உங்களை மனசுக்குள் திட்டியவள் நான். இப்போது சொல்கிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த பிளாக்கைத் திரும்பத் திரும்ப மெல்லிய சீவலாகச் சீவிய லேப் டெக்னீஷியனுக்கு எங்கள் வணக்கம். குதிகாலை ஊன்றி நடக்கப் பழக்கிய டிரெஸ்ஸிங் சிஸ்டருக்கும்தான். "அம்மா, இது திரும்ப வர்றது அபூர்வம், ஆனா அதே இடத்துல தடிச்சாலோ ரத்தம் வந்தாலோ உடனே வரணும்" என்று சிஸ்டர், நீங்கள் சொன்னதை அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், கேட்காதவர்களிடமும்.

தன் பெயரை மட்டும் போடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

நன்றியுடன்,
அவருடைய மகள்