சாம்பல் ஒட்டிய நோட்டு

அஞ்செட்டிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் எங்கள் பறவைக் கணக்கெடுப்பு நண்பர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தொட்டல்லா ஆற்றில் திடீரென்று தண்ணீர் வந்தபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எல்லோரும் கரையேறிவிட்டோம், அது போதும். கயிறு போட்ட தம்பிகள், டிராக்டர் கொண்டுவந்த அண்ணன், விடியும்வரை கூடவே இருந்த வனத்துறை ஊழியர்கள், சுடச்சுட ராகிக் களியும் குழம்பும் கொடுத்த வீட்டார், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஆடு மேய்க்கும் ஒரு ஆயாவுக்காக. பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பையோடு எங்கள் நோட்டும் போய்விட்டது. பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் இன்னும் ஏற்றாத 16 பறவைப் பட்டியல்கள் அதில் இருந்தன. பறவையின் பெயர் ஞாபகம் இருந்தால் மட்டும் போதாது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எத்தனை பார்த்தோம் என்பதும் இருந்தால்தான் அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியும். சரி, போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஆயா ஆள் விட்டு அனுப்பினார். புதரில் சிக்கிக் கிடந்த நோட்டை எடுத்து, தாளுக்குத் தாள் அடுப்புச் சாம்பலைத் தூவி, மேலே அம்மிக் குழவியை வைத்திருந்தார். வெயிலில் போட்டால் தாள் சுருண்டுவிடுமாம். பேனாவில் எழுதிய இரண்டு பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. மற்றதெல்லாம் பென்சில், அப்படியே இருக்கிறது. 'மஞ்சள்தொண்டைச் சின்னான் 2, பாறை மேல், காலை 7.10'. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அந்த வரியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"என்னதான் எழுதியிருக்குது, படி கண்ணு" என்றார் ஆயா. தவிட்டுக்குருவி, கௌதாரி, கொண்டலாத்தி என்று வாசிக்க வாசிக்கத் தலையாட்டிக்கொண்டே வந்தார். முடித்ததும், "பக்கி எங்க? பொழுது சாஞ்சா வண்டித்தடத்துலயே குந்தியிருக்குமே" என்று கேட்டார். எங்களிடம் இல்லை. இரண்டு வருடமாக விடிகாலையில் வந்து பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறோம். இரவுப் பறவை எப்படிப் பட்டியலில் ஏறும்?

ஆயா, அடுத்த மாதத்திலிருந்து அந்தியிலும் வருகிறோம். யானை நடமாட்டம் இருப்பதால் ஊரோரத் தடத்தில் மட்டும், வனத்துறையிடம் சொல்லிவிட்டுத்தான் வருவோம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது முதல் பட்டியலை உங்கள் வாசலில் உட்கார்ந்து எழுதுவோம்.

படிக்க முடிந்த பட்டியல்களை நேற்றிரவு ஏற்றியாயிற்று. நோட்டின் நடுத்தையலில் இன்னும் கொஞ்சம் சாம்பல் இருக்கிறது. நான் தட்டிவிடவில்லை.